புயல் வருமுன் இடும் கையெழுத்து

வெள்ளமோ புயலோ வந்து சென்ற பிறகு சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஆற்றும் பணியைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. முழங்கால் நீரில் நிற்கும் கலெக்டரின் படமும் வெளியாகிறது. அந்தப் படத்துக்கு இரண்டு நாள் முன்பு, தென்னை ஓலைகூட அசையாத ஒரு பிற்பகலில், அதே கலெக்டர் தம் மேஜை முன் அமர்ந்து என்ன யோசித்தார் என்பதை யாரும் படம் பிடிப்பதில்லை. ஆயினும், எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பது பெரும்பாலும் அந்தப் பிற்பகலில்தான் தீர்மானமாகிறது. அந்த யோசனையின் தன்மையை இங்கே சிறிது விளக்க முற்படுகிறோம்.

வங்காள விரிகுடாவின் கரையோர ஜில்லாக்களை எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவிலும் புவனேசுவரத்திலும் விசாகப்பட்டினத்திலும் வாழும் நம்மவர்க்கு இவை புதியன அல்ல. 1999 அக்டோபர் 29-ஆம் தேதி பாராதீப் துறைமுகத்துக்கு அருகே கரையேறிய பெரும்புயலில் காற்றின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டியது. கடல் நிலத்துக்குள் புகுந்தது. ஜகத்சிங்பூர் ஜில்லாவின் எரசமா வட்டாரத்தில் ஊர்கள் பல அழிந்தன. ஒடிஸா முழுவதிலும் மாண்டவர் ஏறத்தாழ 10,000 பேர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2013 அக்டோபர் 12-ஆம் தேதி இரவு, கஞ்சாம் ஜில்லாவின் கோபால்பூர் அருகே பைலின் என்னும் புயல் 200 கிலோமீட்டர் வேகத்தில் தாக்கிற்று. இம்முறை ஒடிஸாவில் இறந்தோர் 50-க்கும் குறைவு. புயலின் வலிமை முன்னதைவிடக் குறைவு என்பதும், கடல் பொங்கிய உயரம் குறைவு என்பதும் உண்மையே. ஆனால், அதனால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் விளங்கிவிடாது. புயல் வருவதற்கு முன்பே ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் இடம் பெயர்க்கப்பட்டிருந்தனர். ஆந்திரத்திலும் இதே கதைதான். 1977 நவம்பரில் கிருஷ்ணா ஜில்லாவின் திவிசீமாவைக் கடல் விழுங்கியபோது சுமார் 10,000 பேர் மடிந்தனர். 1990 மே மாதப் புயலில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். மாண்டோர் 1,000-க்கும் குறைவு.

அப்படியானால், புயல் என்றதும் மக்களை வெளியேற்றிவிட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. வானிலை இலாகா தன் எச்சரிக்கைகளைப் படிப்படியாக விடுக்கிறது. ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன்பு ஒரு முன்னறிவிப்பு. 48 மணி நேரத்துக்கு முன்பு உஷார் அறிவிப்பு. 24 மணி நேரத்துக்கு முன்பு எச்சரிக்கை. பிறகு கரையேறும் தறுவாயில் ஒன்று. நேரம் குறையக் குறையப் புயல் செல்லும் வழி தெளிவாகிறது. ஆனால், வேலை செய்வதற்குரிய அவகாசமும் அதே அளவில் சுருங்குகிறது. இரண்டு நாள் முன்பு, புயல் இந்த ஜில்லாவுக்கா, பக்கத்து ஜில்லாவுக்கா என்பது நிச்சயமில்லை. ஒரு நாள் முன்பு ஏறக்குறைய நிச்சயம். ஆனால், லட்சக்கணக்கானோரை மண் குடிசைகளிலிருந்து கல் கட்டடங்களுக்குக் கொண்டு சேர்க்க ஒரு பகலேனும் முழுமையாக வேண்டும். காற்று வலுத்து மரங்கள் சாலையில் விழத் தொடங்கினால் லாரிகள் ஓடா.

ஆகவே உத்தியோகஸ்தர் நிச்சயமில்லாத நேரத்திலேயே கையெழுத்திட வேண்டியிருக்கிறது. புயல் திரும்பிப் போய்விட்டால், வீண் செலவு செய்தார், பீதியைக் கிளப்பினார் என்ற பழி அவருக்கு. பழி அவரோடு நின்றால் பரவாயில்லை. கூலிக்காரருக்கு இரண்டு நாள் கூலி போகிறது. மீனவர் வலையை விட்டு வந்து நஷ்டப்படுகின்றனர். அடுத்த முறை அழைத்தால் வரமாட்டார்கள். இவை உண்மையான தீங்குகள். ஆயினும், வீணாக அழைத்ததால் வரும் தீங்கும், அழைக்காமல் விட்டதால் வரும் தீங்கும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. கூலியைத் திரும்பக் கொடுக்கலாம். நம் அபிப்பிராயத்தில், நிச்சயமின்மையை மக்களிடம் மறைக்காமல் சொல்லும் உத்தியோகஸ்தரே அடுத்த முறையும் நம்பப்படுவார். ‘புயல் விலகிப் போனாலும் போகலாம், இருந்தாலும் வாருங்கள்’ என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். நிச்சயமாக வருகிறது என்று முழங்குவது எளிது.

கையெழுத்திடாமல் இருப்பதும் ஒரு தீர்மானமே என்பதற்கு நம் தேசத்துச் சரித்திரத்தில் கொடிய உதாரணம் ஒன்று உண்டு. 1880-ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷனுக்குப் பின் மாகாணந்தோறும் பஞ்ச விதிகள் வகுக்கப்பட்டன. பஞ்சம் என்று சர்க்கார் அறிவித்தவுடன் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பது அவற்றில் எழுதப்பட்டிருந்தது. 1943-இல் வங்காளத்தில் லட்சோபலட்சம் பேர் பட்டினியால் மடிந்தபோது அந்த அறிவிப்பு செய்யப்படவே இல்லை. விதிகள் இருந்தன, அவற்றை இயங்கச் செய்யும் ஒரு சொல் வரவில்லை.

இனி, வர மறுப்பவரை என்ன செய்வது? 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, இத்தகைய நேரத்தில் அதிகாரிகள் இடும் கட்டளையைத் தக்க காரணமின்றி மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். அம்மீறலால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் இரண்டாண்டு வரை. சட்டம் இருக்கிறது என்பதற்காக ஒரு கிழவியின் கையைப் பிடித்து இழுத்து லாரியில் ஏற்றுவது முறையாகுமா? வளர்ந்த மனிதர் தம் உயிரைப் பற்றித் தாமே தீர்மானிக்கலாகாதா? கேள்வி நியாயமானது. ஆனால், அதே குடிசையில் மூன்று வயதுக் குழந்தை இருந்தால், அது எதையும் தீர்மானிக்கவில்லை. பிறகு அக்கிழவியைத் தேடி இருட்டில் செல்லப்போகும் ஊழியரின் உயிரும் கணக்கில் சேர வேண்டும்.

உண்மையில், வலுக்கட்டாயம் என்ற நிலை வருவதற்கு முன்பே செய்யத்தக்கது நிறைய உண்டு. வர மறுப்பவர் மூடரல்லர். அவரிடம் காரணம் இருக்கிறது. வீட்டைப் பூட்ட இயலாது, திருட்டுப் போகும் என்பது ஒன்று. ஆடு மாடுகளை யார் பார்ப்பது என்பது மற்றொன்று. தங்குமிடத்தில் சோறு உண்டா, பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்பது இன்னொன்று. காலியான ஊரில் காவலர் ரோந்து வருவார்கள் என்று உறுதி கூறி, அதை நிறைவேற்றினால் முதற் காரணம் தீரும். கால்நடைகளைக் கட்டிப்போடாதீர்கள், அவிழ்த்து விடுங்கள் என்று அறிவிப்பது எளிது. கட்டிய மாடு மூழ்கும், அவிழ்த்த மாடு மேட்டைத் தேடிப் போகும். சமைத்த உணவை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அது வந்துவிட்டதென்று ஊருக்குச் சொல்ல வேண்டும். கஞ்சாமில் 2013-இல் துர்க்கா பூஜை நாட்கள். ஊழியரின் விடுமுறை ரத்தாயிற்று. வீடு வீடாகப் போய்ப் பேச ஆட்கள் வேண்டுமென்றால் வேறு வழி ஏது?

வாகனங்கள் போதாதபோது முதலில் யாரை ஏற்றுவது என்பது அடுத்த சங்கடம். சாலையோரத்து ஊர் கண்ணில் படும். அதன் தலைவருக்கு டெலிபோன் செய்யத் தெரியும். கழிமுகத்துக்கு அப்பால் உள்ள குப்பம் கண்ணில் படாது. கர்ப்பிணிகள், முதியோர், அங்கவீனர் ஆகியோரின் ஜாபிதா அமைதிக் காலத்திலேயே கையில் இல்லாவிட்டால், அவசரத்தில் உரக்கக் கூவுபவனுக்கே லாரி கிடைக்கும். தங்குமிடத்திலும் இதே தொல்லை. சில ஜாதியாரைத் தாழ்வாரத்தில் நிறுத்தும் வழக்கம் புயலிலும் மறைவதில்லை. ‘மழை கொட்டும் நேரத்தில் சமூகச் சீர்திருத்தமா?’ என்று கேட்கும் அதிகாரிகள் உண்டு. தாழ்வாரத்தில்தான் கூரை முதலில் பறக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. நிவாரணத்திலும் நஷ்ட ஈட்டிலும் பால், ஜாதி, சமூகம், வமிசம், மதம் காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்று மேற்சொன்ன சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது.

டெண்டர் இல்லாமல் அரிசி வாங்கினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோமே என்ற அச்சமும் பல கைகளைக் கட்டிப்போடுகிறது. அவசரக் கொள்முதலுக்கு டெண்டர் முறை தேவையில்லை என்று அச்சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்காக வழக்குத் தொடர இயலாது என்றும் பாதுகாப்புத் தருகிறது. இந்த ‘நல்லெண்ணம்’ என்ற சொல் மொழிபெயர்ப்பாளராகிய நமக்குப் பழைய தலைவலி. 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், நேர்மையாகச் செய்தால் போதும், அஜாக்கிரதை இருந்தாலும் அது நல்லெண்ணமே என்கிறது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமோ, உரிய கவனமின்றிச் செய்தது நல்லெண்ணமாகாது என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய சட்டமும் அப்படியே சொல்கிறது. நீதிமன்றம் எதை வேண்டுமாயினும் கொள்ளட்டும். பத்தாயிரம் உயிர்கள் கையிலுள்ள மனிதர் இரண்டாவது பொருளையே தமக்கு விதித்துக்கொள்வது நல்லது. எந்தத் தகவலை வைத்து, எத்தனை மணிக்கு, ஏன் இவ்வாறு தீர்மானித்தோம் என்பதை அன்றே ஒரு தாளில் குறித்து வைப்பதும் அந்தக் கவனத்தில் சேர்ந்ததே. பிற்பாடு எழுதும் காரணங்கள் எப்போதும் சற்று அழகாக அமைந்துவிடுகின்றன!

கடைசியாக, வெளி மாநிலத்தில் வாழும் நமக்குரியது ஒன்று. கஞ்சாம் கடற்கரையின் மீனவர் குப்பங்களில் தெலுங்கு பேசுவோர் மிகுதி. அங்கே ஒடியாவில் மட்டும் ஒலிபெருக்கி வைத்தால் பாதிச் செய்தி காற்றோடு போகும். துறைமுகத்திலும் செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் உள்ள அயலாரின் பெயர்கள் ஊர் ஜாபிதாவில் இருப்பதில்லை. ரேஷன் கார்டை வைத்து எண்ணினால் அவர்கள் ஊரிலேயே இல்லாதவர்கள். கார்டு கேட்டு லாரியில் ஏற்றுவது எந்த விதியிலும் இல்லை. ஆயினும், எண்ணப்படாதவருக்கு லாரி அனுப்பப்படுவதில்லை. ஆகவே, கடலோரத்தில் குடியிருக்கும் நேயர்கள் தங்கள் பகுதிக்குரிய புயல் காப்பிடம் எது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே விசாரித்து, அதன் பெயரை உள்ளூர் மொழியில் எழுதி வைத்துக்கொள்வது உசிதம். தங்கள் தெருவில் எத்தனை பேர் வெளியூரார், அவர்களில் எத்தனை குழந்தைகள் என்பதைப் பஞ்சாயத்து அலுவலகத்திலோ வட்டார அலுவலகத்திலோ ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வர வேண்டும்.