குழந்தையின் கல்வியில் பெற்றோரின் பங்கு

1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நம் நாட்டில் எழுத்தறிவு பெற்றிருந்தோர் நூற்றுக்குச் சுமார் 18 பேரே. 2011ஆம் ஆண்டில் இது 73 ஆக உயர்ந்தது. இவ்வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதே. எனினும், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி வாயிலை மிதிக்கும் குழந்தைகள் இன்றும் ஏராளமானோர் உள்ளனர். “படிப்பறியாத நாங்கள் என்ன உதவி செய்ய முடியும்?” என்று அவர்தம் பெற்றோர் ஒதுங்கி நிற்கின்றனர். படித்த பெற்றோரில் பலரோ மதிப்பெண்ணை மட்டுமே கேட்டுக் குழந்தையைத் திணறடிக்கின்றனர். இரு வீடுகளிலும் குழந்தை தனித்தே நிற்கிறது.

சட்டத்தின் எல்லை

2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அக்கல்விக்கு வாய்ப்பளிப்பதைப் பெற்றோரின் கடமையாகவும் அது வகுத்தது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அச்சமும் பதற்றமும் இன்றிக் குழந்தை கற்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் ஆசிரியர் கைவிட்ட பிரம்பு வீட்டில் எழுமாயின், இச்சட்டத்தின் நோக்கம் பாதியிலேயே நின்றுவிடும்.

புரியாமை என்னும் சுமை

பள்ளிக் குழந்தைகளின் சுமையை ஆராய்ந்த பேராசிரியர் யஷ்பால் குழு, புத்தகப் பையின் எடையைக் காட்டிலும் பாடம் புரியாமையே பெருஞ்சுமை என 1993இல் சுட்டிக்காட்டியது. இச்சுமையைக் குறைக்கப் பெற்றோருக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. “இன்று என்ன படித்தாய்? எனக்கும் சொல்லிக் கொடு” என்று தாய் கேட்கும்போது, குழந்தை தான் கற்றதைத் தன் சொற்களில் எடுத்துரைக்கிறது. எங்கே தடுமாறுகிறதோ, அங்கேதான் புரியவில்லை என்பது தெளிவாகிறது. மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டியதும் அதுவே. நாற்றின் வரிசைகளை எண்ணுவதும் கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்ப்பதும் கணக்குப் பாடங்களே. பாட்டி சொல்லும் கதை மொழிவளத்திற்கு வித்தாகும்.

மனநலமும் கல்வியே

தமக்கு மகன் பிறந்த பின்னர்க் குழந்தைக் கல்வியில் நாட்டங்கொண்ட வழக்கறிஞர் கிஜுபாய் பதேகா, குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் பாலமந்திரைத் தொடங்கினார். அடியும் அச்சமும் கற்றலுக்குப் பகை என்பதைப் பெற்றோருக்கும் அவர் இடைவிடாது எடுத்துரைத்தார்.

காலைதோறும் வயிற்றுவலி என்று சொல்லும் குழந்தை எப்போதும் பொய் சொல்வதில்லை. உடலில் நோயில்லையெனில், பள்ளியில் நேர்ந்த அவமானமோ பரீட்சை பயமோ காரணமாக இருக்கலாம். விளையாட்டில் நாட்டம் குறைதல், உறக்கம் கெடுதல், பேச்சு ஒடுங்குதல் ஆகியனவும் கவனிக்கத்தக்கவை. அப்போது அறிவுரைக்கு முன் செவி கொடுத்தல் வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுதல் புண்ணில் கோலிடுவதாகும். துயரம் நீடித்தால் மருத்துவரை நாடலாம். மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி-மானஸ்’ சேவையை 14416 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அணுகலாம்.

பள்ளியோடு உறவு

கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். ஆயினும் பகலில் கூட்டம் நடந்தால், கூலி வேலை செய்யும் தாய் ஒருநாள் ஊதியத்தை இழந்தே வர வேண்டியிருக்கும். மாலை நேரக் கூட்டம் அவரது குரலையும் அவைக்குக் கொண்டுவரும்.

தனிப்பயிற்சிக்குக் கடன் வாங்கியும் செலவிடும் குடும்பங்கள் பல. அதனினும் முதன்மையான முதலீடு ஒன்று உண்டு: நாள்தோறும் சிறிது நேரம் குழந்தையின் அருகே அமர்ந்து, அது சொல்வதை இறுதிவரை கேட்பது. அதற்குப் பொருளும் வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. ஏழையின் இல்லத்திலும் இயலக்கூடிய இம்முதலீட்டை இன்றே தொடங்குதல் பெற்றோர் அனைவரின் கடமையாகும்.