முதல் செமஸ்டர்... முதல் புத்தகம்! - கல்லூரி நூலகத்தின் ஜூன் மாதம்

திருவண்ணாமலை நகரத்தில் இருப்பவர்களுக்கு மலை மேற்கே தெரியும். அடி அண்ணாமலையில் இருப்பவர்களுக்கு அதே மலை கிழக்கே தெரியும். காலையில் சூரியனே மலையைத் தாண்டித்தான் அந்த ஊருக்கு வர வேண்டும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், நகரத்துக்கு நேர் பின்பக்கம் இருக்கிறது ஊர். அங்கிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் தினமும் மலையைப் பாதி சுற்றியாக வேண்டும். சாயங்காலம் மறுபடி பாதி. மாணவர்கள் தினமும் போகிற கிரிவலம் இது!

ஜூன், ஜூலை மாதங்களில் இந்தப் பிள்ளைகளைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். தோளில் புதுப் பை, கழுத்தில் இன்னும் ஏறாத ஐ.டி. கார்டு, கையில் அட்மிஷன் ரசீது. கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டு, செங்கம், ஜவ்வாது மலை எனப் பல திசைகளிலிருந்தும் இதே கோலத்தில் பிள்ளைகள் நகரத்துக்கு வந்து இறங்குவார்கள். பலரது வீட்டில், கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவர்கள்தான்.

வகுப்பறை எது, பிரின்சிபால் அறை எது, கேன்டீன் எங்கே என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பலருக்கும் கடைசியாகத் தெரியவருகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் லைப்ரரி!

கதவருகே ஒரு தயக்கம்

புது மாணவர் நூலக வாசல் வரை வருவார். உள்ளே எட்டிப் பார்ப்பார். கண்ணாடி பீரோ, நீள மேஜை, மின்விசிறிச் சத்தம். 'உள்ளே போகலாமா, செருப்பைக் கழற்றணுமா, யாராவது திட்டுவாங்களா?' என்ற யோசனையிலேயே ஐந்து நிமிடம் போய்விடும். பிறகு திரும்பி நடந்துவிடுவார்.

பள்ளியில் பாடப்புத்தகத்தை அரசாங்கமே கையில் கொடுத்தது. கல்லூரியில் அப்படி இல்லை. பாடத்திட்டம் மட்டும் வரும். அதன் கடைசியில் நான்கைந்து புத்தகங்களின் பெயர் இருக்கும். அவற்றைத் தேடிப் போவது மாணவரின் வேலை. இந்த மாற்றத்தை யாரும் அவருக்கு உட்கார்ந்து விளக்குவதில்லை. கணக்குப்பதிவியலோ இயற்பியலோ, ஒரு நல்ல புத்தகம் சில நூறு ரூபாய். ஒரு செமஸ்டருக்கு ஐந்தாறு தாள்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெரிய உதவிதான். ஆனால், சாப்பாடு, ஜெராக்ஸ், பரீட்சைக் கட்டணம், போன் ரீசார்ஜ் எல்லாம் அதே ஆயிரத்தில்தான் அடங்க வேண்டும்.

புத்தகம் வாங்க முடியாதவர், லைப்ரரிக்கும் வராதவர் எதை வைத்துப் படிப்பார்? பரீட்சைக்கு முந்தைய வாரம் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் முப்பது பக்க நோட்ஸை வைத்து! பாஸ் ஆனாலும் ஆகலாம். ஆகாவிட்டால், முதல் செமஸ்டரிலேயே அரியர். அந்த முதல் அரியர்தான் பல பிள்ளைகளை 'நமக்குப் படிப்பு வராது' என்று நம்ப வைக்கிறது. வாசலில் நின்று திரும்பிய அந்த ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு விலை!

திறப்பதற்கு முன்பே தொடங்கும் வேலை

கல்லூரிக்குத்தான் கோடை விடுமுறை. நூலகத்துக்குக் கிடையாது. இருக்கும் புத்தகங்களை வரவுப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எது இருக்கிறது, எது காணோம், எது கரையானுக்குப் போனது என்று கணக்கெடுக்க வேண்டும். கிழிந்ததை பைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். புதிதாக வந்ததற்கு வரிசை எண் போட்டு, முத்திரை குத்தி, முதுகில் லேபிள் ஒட்டி, கடைசிப் பக்கத்தில் தேதித் தாள் ஒட்ட வேண்டும். ஒரு புத்தகம் கடையிலிருந்து மாணவர் கைக்கு வருவதற்குள் இத்தனை மேஜை தாண்டுகிறது.

கல்லூரி திறந்ததும் இன்னொரு பரபரப்பு. பாடத்திட்டம் மாறியிருந்தால், போன வருஷம் அடித்துப் பிடித்து வாங்கிய புத்தகத்தை இந்த வருஷம் சீந்த ஆள் இருக்காது. புதுப் பாடத்துக்கோ இரண்டு பிரதிதான் இருக்கும், வகுப்பில் அறுபது பேர் இருப்பார்கள். அப்போது அந்த இரண்டில் ஒன்றை வெளியே கொடுக்காமல், அங்கேயே உட்கார்ந்து படிக்க வைப்பார்கள். 'புத்தகம் இருக்கு, தர மாட்டேங்கிறாங்க' என்று மாணவர்கள் முணுமுணுப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் ஐம்பத்தொன்பது பேர் பார்க்க முடியாது என்று ஒருமுறை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

முதுகில் இருக்கும் எண் என்ன சொல்கிறது?

புத்தகத்தின் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அது தெரு, கதவு எண் மாதிரிதான். பல கல்லூரிகளில் இருப்பது டூயி தசம முறை. 1876-ல் அமெரிக்கரான மெல்வில் டூயி வெளியிட்டது. உலகத்துப் புத்தகங்களையெல்லாம் 000 முதல் 999 வரை பத்துப் பெரிய தெருக்களாக அது பிரிக்கிறது. 510 கணிதம், 530 இயற்பியல், 540 வேதியியல், 657 கணக்குப்பதிவியல், 954 இந்திய வரலாறு, 494.811 தமிழ் மொழி, 894.811 தமிழ் இலக்கியம். தன் பாடத்தின் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். மூன்று வருஷமும் யாரையும் கேட்காமல் நேராக அந்தத் தட்டுக்குப் போய் நிற்கலாம்.

ஆனால், கேட்க வேண்டிய நேரமும் வரும். உதாரணமாக, திருவாசகத்துக்கு உரை வேண்டும் என்று ஒரு மாணவி வருகிறார். தமிழ் இலக்கியத் தட்டில் இருக்குமா, சமய நூல்கள் இருக்கும் 200 வரிசையில் இருக்குமா? ஒவ்வொரு நூலகத்திலும் ஒவ்வொரு மாதிரி வைத்திருப்பார்கள். லைப்ரரியனைக் கேட்டால் அரை நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்த நூலில் உள்ள திருவெம்பாவையை மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. அவருக்கு அடி அண்ணாமலையில் தனிக்கோயில் இருக்கிறது. மார்கழியில் ஊர் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த பாட்டுக்குப் பொருள், கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையில் காத்திருப்பது அந்த ஊர்ப் பிள்ளைக்குச் சின்ன ஆச்சர்யமாக இருக்காதா என்ன?

ஓடிப்போகப் பார்த்த நூலகர்

நூலகத்துக்குள் போகத் தயங்கியவர்கள் மாணவர்கள் மட்டுமல்ல. இந்திய நூலகத் துறையின் தந்தை என்று கொண்டாடப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதனே முதலில் அங்கிருந்து ஓடிப்போகப் பார்த்தவர்தான்!

1892-ல் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், கணக்கு ஆசிரியர். மங்களூர், கோவை, சென்னை அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்தியவர். திக்குவாய் இருந்தும், அதோடு போராடியே மாணவர்கள் விரும்பும் ஆசிரியரானவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் பதவி அவருக்குக் கிடைத்தது. மாநிலக் கல்லூரி வகுப்பறையின் கலகலப்பில் இருந்தவருக்கு, ஆள் வராத நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை. சில நாள்களிலேயே பழைய கல்லூரிக்குப் போய், 'என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டுவிட்டார். 'முதலில் லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பை முடித்துவிட்டு வாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம்' என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

லண்டனில் அவர் பார்வையே மாறியது. ஊர் ஊராக நூலகங்களைப் போய்ப் பார்த்தார். அங்கே தொழிலாளியும் குழந்தையும் வீட்டுப் பெண்களும் நூலகத்துக்கு வந்துபோவதைப் பார்த்தார். ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமான் கண்ணில் பட்டது. சின்னச் சின்னத் துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டினால் வேறு வேறு பொம்மை வருகிறது. புத்தகங்களின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்று தோன்றியது. அந்தப் பொறிதான் 1933-ல் வெளியான அவரது கோலன் பகுப்புமுறை.

1925-ல் சென்னை திரும்பியவர், வகுப்பறைக்குப் போகவில்லை. வாசகர்கள் தாங்களே தட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து எடுக்கும்படி நூலகத்தைத் திறந்துவிட்டார். 1931-ல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை எழுதினார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, படிப்பதற்கு. வருகிற ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் இருக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற வாசகரைக் கண்டுபிடிக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சாரம் இவ்வளவுதான்.

அதே 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி கிராமம் கிராமமாக அனுப்பினார். ரங்கநாதனின் முயற்சிகளின் பலனாக, 1948-ல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரி அதில் பிறந்ததுதான். ஓடிப்போகப் பார்த்த அந்த மனிதர், பின்னாளில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் இருக்கைக்காகக் கொடுத்தார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அவர் நினைவாக தேசிய நூலகர் தினம்.

பௌர்ணமிக்கு ஒரு கணக்கு, தீபத்துக்கு ஒரு கணக்கு

நான்காவது விதியான 'வாசகரின் நேரம்' இருக்கிறதே, அது திருவண்ணாமலையில் தனிக் கணக்கு. மாதம் ஒருமுறை பௌர்ணமி வரும். கிரிவலத்துக்கு வெளியூர்க் கூட்டம் திரளும். பஸ்கள் வழி மாறும். கிரிவலப் பாதையோரக் குடும்பங்கள் டீக்கடை, இளநீர்க் கடை என்று இறங்கிவிடுவார்கள். இரவெல்லாம் கடையில் அம்மா அப்பாவுக்குக் கை கொடுத்த பிள்ளை, மறுநாள் நூலகத்துக்கு வந்து உட்காரும் என்று எதிர்பார்க்க முடியுமா? கெடு தாண்டிய புத்தகத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய் அபராதம் போடும்போது, இதையும் நினைத்துப் பார்க்கிற லைப்ரரியன் கிடைப்பது பாக்கியம்.

பஸ் இன்னொரு பிரச்னை. வகுப்பு முடிகிற நேரமும் ஊர் பஸ் கிளம்புகிற நேரமும் ஒட்டியே இருக்கும். பஸ்ஸை விட்டால் வீட்டில் கேள்வி வரும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பது உண்மைதான். ஆனால், நேரத்துக்கு யார் சலுகை கொடுப்பார்கள்? மதிய இடைவேளையில் பூட்டாமல் திறந்திருக்கும் நூலகமே அவர்களுக்குக் கைகொடுக்கும். காலையிலும் வகுப்புக்கு அரை மணி முன்னதாகத் திறந்தால் இன்னும் நல்லது.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். 'லைப்ரரியில் இருந்தேன், லேட்டாகிடுச்சு' என்று மகள் சொன்னால், 'என்ன புக் எடுத்தே?' என்று கேட்டுப் பாருங்கள். சந்தேகமாக இல்லாமல், ஆசையாக! வீட்டு வேலை, தம்பி தங்கை, டி.வி. சத்தம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் ஒரு மணி நேரம் தனக்கென்று உட்காரக் கிடைக்கும் இடம் அது ஒன்றாகவே இருக்கலாம்.

போன் இருக்கே, புத்தகம் எதற்கு?

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் உண்டு. போனையும் நூலகத்தையும் சேர்த்தே பயன்படுத்தலாம் என்பதுதான் பதில். ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் பழைய தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கும். கல்லூரி உறுப்பினராக இருந்தால், என்-லிஸ்ட் திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஆங்கில மின்னூல்களையும் ஆய்விதழ்களையும் மாணவரே தன் போனில் படிக்கலாம். அதற்கான பயனர் கணக்கு எங்கே கிடைக்கும்? அதே லைப்ரரி மேஜையில்தான்!

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு யோசனை. ஆங்கிலப் புத்தகம் கனமாகத் தெரிந்தால், அதே பாடத்தில் பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கலைச்சொல் இரண்டு மொழியிலும் பழகிவிட்டால், பாதி பயம் போய்விடும்.

கடைசிப் பக்கத்துத் தேதிகள்

ஜூனில் தொடங்கும் செமஸ்டர், நவம்பர் வாக்கில் பரீட்சையில் முடியும். அதையொட்டியே கார்த்திகை தீபமும் வந்துவிடும். ஊரே விளக்குக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகள் புத்தகமும் கையுமாக இருப்பார்கள். படிப்பை முடித்துக் கிளம்பும் மாணவர்களோ, நிலுவை இல்லை என்று கையெழுத்து வாங்க லைப்ரரியில் வரிசை கட்டுவார்கள். அவர்களில் சிலர், மூன்று வருஷத்தில் உள்ளே வருவது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அப்படி ஆகாமல் இருக்க, இந்த ஜூனிலேயே ஒரு புத்தகம் எடுத்துவிடுவது நல்லது. பாடப்புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கதைப் புத்தகமானாலும் சரி. கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், தேதித் தாளில் வரிசையாக முத்திரைகள் இருக்கும். சில பக்கங்களில், முன்னால் படித்த யாரோ கஷ்டமான சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் பொருள் எழுதி வைத்திருப்பார்கள். அழிக்கச் சொல்லி லைப்ரரியன் கோபப்படுவார். ஆனால், அந்தச் சொல்லிலேயே தடுக்கி நிற்கும் அடுத்த பிள்ளைக்கு அது, பெயர் தெரியாத ஓர் அக்காவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்கும்.