ஈரமானி காட்டும் எண்ணும் தேயிலையின் ஈரமும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஈரம் இரண்டு இடங்களிற் பணமாக மாறுகின்றது. ஒன்று கொழுந்து நிறுக்கும் மடுவம். மற்றது தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்றழைக்கும் தொழிற்சாலை. இவ்விரு இடங்களிலும் ஈரத்தை எண்ணாற் கூறுவார் பலர். அவ்வெண் எங்ஙனம் பெறப்பட்டது என வினவுவார் சிலரே. ஆதலின் அதுபற்றிச் சிறிது விளக்க முற்படுகின்றோம்.

பறித்த கொழுந்தின் நிறையில் நூற்றுக்கு 75 முதல் 80 வரை நீரே. வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, டிரையரில் உலர்த்தி எடுக்கும்பொழுது அஃது ஏறத்தாழ 3 ஆகக் குறைந்திருத்தல் வேண்டும். பின்னர்ச் சலித்துத் தரம்பிரிக்கையில் தேயிலை காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். பொதியிடும்போது 7 ஐத் தாண்டுமாயின் சரக்கு நாளடைவில் மணங்குன்றும். மேலும் ஏறினாற் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு குறைத்துக் காட்டும் மானியை நம்பி 6 எனப் பொதியிட்ட தேயிலை உண்மையில் 8 ஆகும். கூட்டிக் காட்டும் மானியோ டீமேக்கரை மேலும் சூடேற்றத் தூண்டும். விறகும் வீண், மணமும் வீண்.

கையடக்கமான ஈரமானி நீரை நேரே அளப்பதன்று. அது மின்சாரத்துக்குத் தேயிலை எவ்வாறு இணங்குகின்றது என்பதையே அளக்கின்றது. மின்கொள்ளளவைப் பெருக்குவதில் நீர் வெற்றிடத்தினும் ஏறத்தாழ 80 மடங்கு வல்லது. காய்ந்த இலைப்பொருளோ ஒருசில மடங்கே. இவ்வேறுபாட்டைக் கொண்டே கருவி ஈரத்தை ஊகிக்கின்றது. ஊகத்தைக் கெடுப்பன பல. கிண்ணத்தில் தூளைக் கையால் அமுக்கினால் எண் ஏறும். சூடு மாறினாலும் எண் மாறும். டிரையர் வாயிலிருந்து அள்ளிய சூட்டோடு அளப்பது பயனற்றது. அதனைத் திறந்து வைத்து ஆற்றுவதும் தவறே. மழைக்காலத்து அட்டன் காற்றில் ஆறும் நேரத்திலேயே தேயிலை ஈரம் குடித்துவிடும். இறுக மூடிய போத்தலில் நிரம்ப இட்டு ஆறவிடுவதே முறை. அவ்வாறு வைப்பதில் இன்னொரு நன்மையுமுண்டு: புறங்காய்ந்து அகம் ஈரமாயுள்ள துகள்களில் ஈரம் சமனாகப் பரவிவிடும்.

மானியின் சொல்லை எதனோடு ஒப்பிடுவது? அடுப்போடுதான். சர்வதேச முறைப்படி, ஏறத்தாழ 5 கிராம் தேயிலையை 103 பாகை செல்சியசில் ஆறு மணிநேரம் வைத்து, ஈரம் புகாத கலத்தில் ஆறவிட்டு நிறுப்பர். நிறை மாறாமல் நிற்கும்வரை மீண்டும் சூடாக்குவர். 5 கிராமில் நூற்றுக்கு ஒன்று என்பது 0.05 கிராமே. கல்லூரி ஆய்வுகூடத்தில் இரசாயனத் தராசோடு பொறுமையிழந்த பழைய மாணவர்கள் அத்தராசின் அருமையை இங்கே உணர்வர்! செந்நிறக்கீழ்க் கதிரால் உலர்த்தும் விரைவுத்தராசு சில நிமிடங்களில் விடை தரும். ஆயின் சூடு மிகுந்தால் இலை கருகி, நீரல்லாத பொருளும் நீர்க்கணக்கிற் சேர்ந்துவிடும்.

ஆகவே 3 முதல் 8 வரை ஈரமுள்ள பல மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இருகூறாக்கி, ஒன்றை அடுப்பிலும் மற்றதை மானியிலும் அளந்து வரைபு கீறிக்கொள்ளல் வேண்டும். பீ.ஓ.பீ. தரத்துக்குக் கீறிய வரைபு டஸ்டுக்குப் பொருந்தாது. துகளின் பருமனும் செறிவும் வேறு. 1925 இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குவதால், ஐயமுற்றோர் அறிவுரை நாடவும் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

இனி மடுவத்துக்கு வருவோம். மழைநாளிற் கொழுந்தின்மேல் ஒட்டிய நீருக்கெனக் கொழுந்து கொய்யும் பெண்களின் நிறையிற் கழிப்பது தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். அக்கழிவு பெரும்பாலும் கண்மதிப்பே. கழிவினால் நிறை குறைந்தால் அன்றைய பெயர் அரைப்பேராகவும் கூடும். இங்கே மேற்கூறிய மானி உதவாது. இலைக்குள் உள்ள நீரையும் மேலே ஒட்டிய நீரையும் அது பிரித்தறியாது. ஆயினும் ஒரு தராசும் உலர்ந்த துணியும் போதும். பல கூடைகளிலிருந்து கலந்தெடுத்த ஒரு கிலோ கொழுந்தை, நசுக்காமல் துணியால் ஒற்றி மீண்டும் நிறுக்கும்போது 920 கிராம் நின்றால், அவ்வேளைக்குரிய கழிவு நூற்றுக்கு 8. அதனைக் கொய்தவர் கண்முன்னே செய்து, எண்ணைப் பலகையில் எழுதிவிடலாம். மழை விட்டபின் வரும் அடுத்த நிறுவைக்கு மறுபடி ஒற்றிப் பார்த்தல் வேண்டும். காலையின் எண் மாலைக்குச் செல்லாது.