வாழைப்பழத்தை அடுப்பில் உலர்த்தும் முறை

பெரியாற்றுப் பாசனம் பாயும் சோழவந்தான், வாடிப்பட்டிப் பகுதிகளில் வாழை பயிரிடுவோர்க்கு நஷ்டம் இரு வழிகளில் நேருகின்றது. காற்றில் சாய்ந்த மரம் கிராம அதிகாரியின் பார்வைக்கு வந்து கணக்கில் ஏறும். சந்தையில் விலை சரிந்து, வீட்டிலேயே கனிந்து அழுகும் தாரோ எக்கணக்கிலும் ஏறுவதில்லை. ரஸ்தாளி முதலிய ரகங்களில் கனிந்த பழம் காம்பு விட்டு உதிர்ந்துவிடுமாதலால் அதற்கு உரிய விலையும் கிடையாது. இவ்வாறு மிஞ்சும் பழத்தை வற்றலாக்கி வைத்துக்கொள்ளுதல் நலம்.

சுண்டைக்காயும் மோர்மிளகாயும் வெயிலில் காயவைப்பது மதுரைச் சீமையில் எல்லா வீட்டாரும் அறிந்ததே. வைகாசி வெயிலில் மாம்பழத்தையும் அவ்வாறே உலர்த்தலாம். ஆயின் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரக்காற்றினால் பழம் காயுமுன்னரே பூசணம் பற்றிவிடும்; ஈயும் எறும்பும் வேறு. அக்காலத்திற்கே ஓவன் எனப்படும் மின்சார அடுப்பு உதவுவதாகும். எண்ணெயில் பொரிக்கும் நேந்திரங்காய்ச் சீவல் வேறு, இது வேறு.

மொறுமொறுப்பான வில்லைகள் வேண்டின், காம்பில் சிறிது பசுமை நிற்கும் பழத்தை எடுத்து 3 மில்லிமீட்டர் கனத்திற்குச் சீராக அரிதல் வேண்டும். முற்றக் கனிந்த பழம் தோல்போல் வளையும் வற்றலாகுமேயன்றி மொறுமொறுக்காது. இனிப்பு மிகுந்த கற்பூரவள்ளி அதற்கு ஏற்றது. அரிந்த வில்லைகளை, சம அளவு நீர் கலந்த எலுமிச்சஞ்சாற்றில் பத்து நிமிஷம் ஊறவைத்தால் கறுக்கமாட்டா. பின்னர் வடித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் கம்பித் தட்டில் பரப்புக.

வெப்பநிலை 60 டிகிரி சென்டிகிரேடு அளவில் நிற்றல் அவசியம். பலர் தவறுவது இங்கேதான். விரைவில் முடியுமென்று 90, 100 டிகிரிக்கு ஏற்றினால் மேற்புறம் இறுகி ஓடாகும். உள்ளீரம் வெளியேற வழியின்றித் தங்கிப் பின்னர்ப் பழத்தைக் கெடுக்கும். ஆவி வெளியேறும்பொருட்டுக் கதவைச் சிறிது திறந்து வைத்து, இடையிடையே வில்லைகளைத் திருப்பிவிட வேண்டும். சிறுவர் நடமாடும் இடமாயின் ஒருவர் அருகிருத்தல் நன்று. எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை பிடிக்கும். சூட்டில் வில்லைகள் மெதுவாகவே இருக்குமாதலால், ஒன்றை ஆறவைத்து ஒடித்துப் பார்த்தே பக்குவத்தை அறிதல் வேண்டும்.

பழத்தில் முக்கால் பங்கு நீரே. தோலுரித்த 10 கிலோ, வளையும் வற்றலாக ஏறக்குறைய 3 கிலோ நிற்கும். மொறுமொறுக்கக் காய்ந்தால் இன்னும் குறையும்.

ஆறிய வற்றலைக் கண்ணாடிச் சாடியில் முக்கால் அளவிற்கு இட்டு மூடி, ஒரு வாரம் நாள்தோறும் குலுக்குக. உட்புறத்தில் நீர் முத்துக்கள் தோன்றின் மீண்டும் அடுப்பில் இடவேண்டும். பூசணம் கண்டதோ முழுவதும் எறிதற்குரியது. மேலே துடைத்து உண்ணலாகாது.

விற்க எண்ணுவோர் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளவேண்டும். மேலும், 2,000 வாட் அடுப்பு இடைவிடாது எரிந்தால் மணிக்கு 2 யூனிட் செலவாகும்; ஒரு சீப்புக்காக அதை மூட்டுவது வீண், எல்லாத் தட்டுகளையும் நிரப்புவதே சிக்கனம். அவ்வாறு நிரப்பினும் வீட்டு அடுப்பு சில கிலோவுக்கு மேல் கொள்ளாது. தார் தாராக மிஞ்சுவோர் பலர் கூடிச் சூரிய உலர்த்தி அமைத்துக்கொள்வதே தகும். 1993-இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி நிலையத்தாரை இதுகுறித்துக் கலந்துகொள்ளலாம்.