கலையா? அறிவியலா?

நுழையும்முன்

மேல்நிலை வகுப்பில் சேரும் ஒவ்வொரு மாணவரிடமும் ஊரார் கேட்கும் முதற்கேள்வி, “எந்தப் பிரிவு?” என்பதாகும். விடையைக் கேட்டவுடனேயே அம்மாணவரின் எதிர்காலத்தைக் கணித்துவிடுவாரும் உளர். கலைப் பட்டம் பெற்றால் வேலை கிடைக்காது என்பதும், அறிவியல் பட்டம் பெற்றால் வாழ்வு உறுதி என்பதும் பலர் மனத்தில் வேரூன்றிய எண்ணங்கள். இவ்வெண்ணங்கள் எவ்வளவு பொருந்தும்? கொங்கு நாட்டின் மண்ணையும் மனிதர்களையும் சான்றாகக் கொண்டு ஆராய்கிறது இக்கட்டுரை.

ஊர் கேட்கும் கேள்வி

காவிரிக்கரையில் அமைந்த கொடுமுடி, ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடைப்பட்ட சிற்றூர். இவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வரும் மாணவருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கவிருப்பவர்கள். மஞ்சளும் கரும்பும் நெல்லும் விளைவித்தும், தறி ஓட்டியும், பின்னலாடை நிறுவனங்களில் உழைத்தும் சேர்த்த பணத்தைப் பெற்றோர் பிள்ளையின் படிப்பில் செலவிடுகின்றனர். ஆகவே, ‘எந்தப் படிப்பு வேலை தரும்?’ என்னும் அவர்களின் கேள்வியைப் பேராசை என ஒதுக்குதல் தகாது. அது வாழ்வைப் பற்றிய கேள்வி.

ஆனால், அக்கேள்விக்கு ஊரில் கிடைக்கும் விடை பெரும்பாலும் மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொண்டது. பத்தாம் வகுப்பில் மிகுதியாக மதிப்பெண் பெற்றவர்க்கு அறிவியல் பிரிவு. குறைவாகப் பெற்றவர்க்குக் கலைப் பிரிவு. இவ்வழக்கத்தால் இருவகைத் தீங்குகள் விளைகின்றன. வரலாற்றிலோ பொருளியலிலோ ஆர்வம் மிக்க மாணவர், மதிப்பெண் மிகுதியாக இருப்பதனாலேயே விருப்பமில்லாத பாடத்திற்குள் தள்ளப்படுகிறார். கலைப் பிரிவில் சேர்ந்த மாணவரோ, தாம் தோற்றுவிட்டதாகக் கருதிப் படிப்பைத் தொடங்கும்போதே ஊக்கம் இழக்கிறார்.

பெயருக்குள் ஒரு வரலாறு

கலை, அறிவியல் என்னும் பிரிவினை நாம் எண்ணும் அளவுக்குப் பழமையானதோ உறுதியானதோ அன்று. 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கணிதமும் இயற்பியலும் பி.ஏ. பட்டத்திற்குரிய பாடங்களாகவே விளங்கின. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற சர் சி.வி. இராமன் 1904இல் பெற்றது பி.ஏ. பட்டம், 1907இல் பெற்றது எம்.ஏ. பட்டம். பட்டத்தின் பெயரை மட்டும் நோக்கினால், 1930ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர் ஒரு கலைப் பட்டதாரியாவார்.

அவருடைய பணிவாழ்வும் எண்ணிப் பார்க்கத்தக்கது. முதுகலை முடித்ததும் அவர் ஆய்வுக்கூடத்திற்குச் செல்லவில்லை. போட்டித் தேர்வெழுதி, இந்திய நிதித் துறையில் கணக்கு அலுவலராகக் கொல்கத்தாவில் பணியேற்றார். பகலில் அலுவலகம், மற்ற வேளைகளில் ஆய்வு எனப் பத்தாண்டுகள் உழைத்த பின்னர், 1917இல் பேராசிரியரானார். இயற்பியல் படிப்பு நிதித் துறைப் பணிக்குத் தடையாகவில்லை. நிதித் துறைப் பணியும் இயற்பியல் ஆய்வுக்குத் தடையாகவில்லை.

கொங்கு மண் காட்டும் சான்றுகள்

கொடுமுடி அமைந்துள்ள ஈரோடு மாவட்டத்திலேயே மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் 1908இல் பிறந்தவர் பெரியசாமித் தூரன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட செய்தியால் உள்ளம் கொதித்து, பட்டத்திற்கான இறுதித் தேர்வைப் புறக்கணித்தார். பின்னர் ஆசிரியப் பணி ஏற்றார். கவிதையும் கதையும் இசைப்பாடல்களும் உளவியல் நூல்களும் எழுதினார். தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக விளங்கியவர் இவரே. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த அக்களஞ்சியத்தில் இலக்கியமும் வரலாறும் உண்டு. இயற்பியலும் மருத்துவமும் பொறியியலும் உண்டு. நூற்றுக்கணக்கான அறிஞர்களின் கட்டுரைகளைப் பெற்று, சரிபார்த்து, தமிழில் செம்மைப்படுத்திய அப்பணிக்குக் கணித மாணவரின் ஒழுங்கும் கவிஞரின் மொழித்திறனும் ஒருங்கே வேண்டியிருந்தன.

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்த சி. சுப்பிரமணியம், இயற்பியலில் பி.எஸ்சி. பட்டம் பெற்றவர், அதன்பின் சட்டம் பயின்றவர். 1964இல் நடுவணரசின் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சரானார். நாடு உணவுப் பற்றாக்குறையால் வாடிய அக்காலத்தில், 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைத் தருவிக்கும் துணிவான முடிவை எடுத்தார். விதையின் தன்மையை ஆய்வு செய்தோர் அறிவியலாளர்கள். ஆயினும் அவ்வாய்வின் பயன் உழவரைச் சென்றடைய விலைக் கொள்கையும் நாடாளுமன்ற விவாதமும் நிருவாகத் திறனும் தேவைப்பட்டன.

அம்முயற்சிக்கு அறிவியல் துணையாக நின்றவருள் முதன்மையானவர் எம்.எஸ். சுவாமிநாதன். கும்பகோணத்தில் பிறந்த அவர் விலங்கியலில் பட்டம் பெற்றபின், கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் மீண்டும் ஒரு பட்டப்படிப்பை மேற்கொண்டார். குடிமைப் பணித் தேர்வில் வென்று இந்தியக் காவல் பணிக்கும் தெரிவு செய்யப்பட்டார். காவல் பணியை ஏற்காமல், மரபியல் ஆய்வுக்காக நெதர்லாந்து சென்றார். அறிவியல் பட்டதாரிக்கு அரசுப் பணியின் வாயில் திறந்தே இருந்தது. தமக்குரிய வழியை அவர் தெரிந்தெடுத்தார்.

மூவரும் பேராளுமைகள், எல்லார்க்கும் அவ்வாழ்வு வாய்ப்பதில்லை எனலாம். உண்மையே. ஆயினும் அவர்கள் வாழ்வில் காணப்படும் ஒரு பொதுத்தன்மை எளிய மாணவருக்கும் உரியது. முதலில் கற்ற பாடத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அதனை அடிப்படையாகக் கொண்டு, மற்றொரு துறையின் அறிவையும் திறனையும் சேர்த்துக்கொண்டனர்.

ஓர் ஆறு கற்பிக்கும் பாடம்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து, கொடுமுடிக்குச் சற்றுக் கீழே நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. அதே வேளையில், சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் கலந்தது. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின; வேளாண்மை நலிந்தது.

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2009இல் உச்சநீதிமன்றம், மாசுபடுத்துவோரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

இச்சிக்கலைத் தீர்க்க எந்தப் பட்டம் பெற்றவர் தேவை? நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் கண்டறிய வேதியியல் பயின்றவர் வேண்டும். கழிவுநீரைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தும் நிலையங்களை அமைக்கப் பொறியாளர் வேண்டும். உழவரின் இழப்பைக் கணக்கிடப் பொருளியல் அறிந்தவர் வேண்டும். வழக்கை எடுத்துரைக்கச் சட்டம் கற்றவர் வேண்டும். தொழிலும் வேளாண்மையும் சேர்ந்து வாழும் வழியை வகுக்க நிருவாகம் அறிந்தவர் வேண்டும். இவருள் ஒருவர் இல்லையெனினும் மற்றவர் உழைப்பு முழுமை பெறாது.

அதே நொய்யல் கரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ளது கொடுமணல். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் அங்கு அகழாய்வுகளை நிகழ்த்தின. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், இரும்பு உருக்கிய உலைகளும், அரிய கல்மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்களும் வெளிப்பட்டன. எழுத்தைப் படிக்க மொழியறிவு வேண்டும். உலையை விளங்கிக்கொள்ள உலோகவியலும், மணியின் வகையறியக் கனிமவியலும் வேண்டும். பழமையை ஆராய்வதிலும் கலையும் அறிவியலும் கைகோத்தே செல்கின்றன.

திறக்கும் வாயில்கள், அடையும் வாயில்கள்

எனவே எப்படிப்பும் ஒன்றே என முடிவு செய்துவிடலாமா? அதுவும் பொருந்தாது. சில பணிகளுக்குக் குறிப்பிட்ட பாடம் கட்டாயம். மருத்துவம் பயில இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றின் மதிப்பெண்களே அடிப்படை. இந்திய வனப்பணித் தேர்வை எழுத, அறிவியல், வேளாண்மை, பொறியியல் முதலியவற்றுள் வரையறுக்கப்பட்ட பாடங்களில் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வாறே, இந்தியப் பொருளியல் பணிக்குப் பொருளியலில் முதுநிலைப் பட்டம் தேவை. மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவு பயின்றவர் பின்னர் வரலாறோ பொருளியலோ பயில இயலும். கலைப் பிரிவு பயின்றவர் மருத்துவத்திற்கோ பொறியியலுக்கோ திரும்புதல் அரிது. இவ்வேறுபாட்டை மாணவர் தொடக்கத்திலேயே அறிந்திருத்தல் நலம்.

மறுபுறம், எந்தப் பட்டம் பெற்றவர்க்கும் திறந்திருக்கும் வாயில்களும் பல. இந்திய ஆட்சிப்பணி உள்ளிட்ட குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அதன் முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பல தேர்வுகளுக்கும், வங்கிப் பணித் தேர்வுகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். தேர்வாணையத்தின் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் தேறுதல் கட்டாயம் என்பதால், மொழிப்பாடத்தைப் புறக்கணித்த அறிவியல் பட்டதாரி அங்கே இடர்ப்படுவார். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிலும் பட்டயக் கணக்கர் படிப்பிலும் மேல்நிலை வகுப்பின் எப்பிரிவு மாணவரும் சேரலாம்.

இரண்டாவது படி

பட்டத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர் எப்பிரிவினராயினும் வேலைக்கு அலைய நேர்கிறது. இயற்பியலில் பட்டம் பெற்றும் தொடர்பில்லாத பணியில் குறைந்த ஊதியம் பெறுவோர் உளர்; தமிழ் இலக்கியம் பயின்று உயர் அலுவலர் ஆனோரும் உளர். இவ்வேறுபாட்டைப் பெரிதும் உருவாக்குவது பட்டத்திற்கு அடுத்த இரண்டாவது படியாகும். வேதியியல் பட்டதாரி சாயத் தொழில்நுட்பம் அறிந்தால் திருப்பூர் அவரை வரவேற்கும். வணிகவியல் பட்டதாரி வரிக் கணக்கையும் கணினியையும் கற்றால் கோவையின் எக்குடித்தல் நிறுவனத்திலும் இடம் பெறுவார். ஆங்கிலம் பயின்றவர் ஏற்றுமதி நடைமுறைகளை அறிந்தால் வெளிநாட்டு வணிகர்களோடு உரையாடும் பொறுப்பை ஏற்பார். வரலாறு பயின்றவர் கல்வெட்டுப் படிக்கக் கற்றால் தொல்லியல் துறை நோக்கிச் செல்வார்.

ஆகவே, ஒரு படிப்பைத் தெரிவு செய்யுமுன் மாணவர் நான்கு வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளுதல் நன்று. இப்பாடத்தை மூன்றாண்டுகள் விருப்பத்தோடு படிக்க இயலுமா? இதன்பின் எடுத்துவைக்கவேண்டிய படி எது? அதற்கு எவ்வளவு காலமும் பணமும் தேவை? இதனைத் தெரிவு செய்வதால் அடையும் வாயில்கள் எவை? இவற்றுக்கு விடை காண அண்டை வீட்டாரின் பிள்ளையைப் பார்த்தல் போதாது. ஆசிரியரிடமும் அத்துறையில் பணியாற்றுவோரிடமும் கேட்டறிதல் வேண்டும்.

பொருள் வசதியின்மை காரணமாக விருப்பத்தைக் கைவிடுமுன், அரசு அளிக்கும் வாய்ப்புகளையும் அறிதல் வேண்டும். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டு முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021ஆம் ஆண்டு முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்படுகிறது. உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. இவ்விரு திட்டங்களும் கலை பயில்வோர்க்கும் அறிவியல் பயில்வோர்க்கும் உரியவை.

கலைப் பிரிவில் அமர்ந்திருக்கும் மாணவர் தாழ்வு மனப்பான்மை கொள்ள வேண்டியதில்லை. அறிவியல் பிரிவில் இருப்பவர் வேலை உறுதியாயிற்று என ஓய்ந்திருக்கவும் இயலாது. பிரிவு எதுவாயினும் அதனை ஆழ்ந்து கற்று, மொழித்திறனைப் பேணி, அடுத்த படியைத் திட்டமிடுபவர்க்கே பணிவாழ்வு அமைகிறது. மேல்நிலைக் கல்வியின் இரண்டாண்டுகள் அத்திட்டத்தைத் தீட்டுவதற்கு உரிய காலமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஒரு தொழிலைத் தெரிவு செய்து, அதில் எவ்வெப் பாடம் பயின்றோர் பணியாற்றுகின்றனர் எனக் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. நீங்கள் விரும்பும் பணிக்குரிய கல்வித்தகுதி, நுழைவுத்தேர்வு, படிப்புக்காலம், செலவு ஆகியவற்றைத் திரட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘சிக்கலைத் தீர்க்கப் பல துறை அறிவும் வேண்டும்’ – நொய்யல் ஆற்றைப் போன்ற மற்றொரு சான்றைக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.