பழைய சைக்கிள்: இரும்புக் கடைக்கா, பட்டறைக்கா?

தோட்டத்து மக்களுக்குச் சைக்கிள்தான் இன்னொரு கால். விடியுமுன் பெரட்டுக்குப் போன மண்டோரும், கணக்குப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிய கிராணியும், பெட்டி கட்டி ரொட்டி விற்ற பாயும், பாத்திரம் தொங்கவிட்டுப் பால் ஊற்றியவரும் சைக்கிளில்தான் வந்தார்கள். பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிச் சென்றதும் அதே சைக்கிள்தான்.

ஜொகூரில் மவுண்ட் ஆஸ்டின், உலு திராம், கூலாய், குளுவாங் வட்டாரங்களில் ரப்பர் காடாக இருந்த இடங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது சட்டி பானை வந்தது. சாமிப் படம் வந்தது. அடுக்குமாடி வீட்டில் வைக்க இடமில்லாத சைக்கிள் பெரும்பாலும் வரவில்லை.

அப்படி விடுபட்ட சைக்கிளுக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. ஒன்று, எடை போட்டு இரும்புக் கடைக்குப் போவது. இரண்டு, விவரம் அறியாப் பிள்ளைகள் கையில் சிக்கி, பிரேக்கைக் கழற்றிய ஆபத்தான வண்டியாக மாறுவது. மூன்று, பொறுமையுள்ள ஒருவரிடம் சேர்ந்து மீண்டும் ஓடுவது. இந்த மூன்றாவது வழியைத்தான் நம் சமுதாயம் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

தேடுவது எங்கே?

பழைய சைக்கிள்களைச் சேகரித்து ஓட்டுவோரை நம் நாட்டில் 'பாசிக்கால் துவா' குழுவினர் என்பார்கள். மலாய்க்காரர்களே இதில் அதிகம் என்றாலும் எல்லா இனத்தவரும் உண்டு. அவர்கள் தேடும் இடங்கள் எளிமையானவை. கம்பத்து வீடுகளின் அடித்தளம், தோட்டத்துப் பழைய கொட்டகை, பத்து பகாட், மூவார் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் சைக்கிள் கடைகளின் பின்கட்டு, பழைய இரும்புக் கடை, பழம்பொருள் சந்தை. ஜொகூர் பாருவில் பெயர் பெற்ற சந்தைக்கே 'பசார் காராட்' என்றுதான் பெயர். காராட் என்றால் துரு.

தேடுவதில் ஒரு நேர்மையும் வேண்டும். தாத்தா ஓட்டிய வண்டியின் மதிப்பு பாட்டிக்குத் தெரியாமல் இருக்கலாம். வாங்க வருபவருக்குத் தெரியும். தெரிந்தவர் தெரியாதவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவது வியாபாரமாகலாம், நியாயமாகாது. அதைவிட, அந்த வீட்டுப் பேரப்பிள்ளையிடமே "இதை நீ சரிசெய்து ஓட்டலாமே" என்று சொல்லிக் கொடுப்பது மேல்.

வயதைச் சொல்லும் அடையாளங்கள்

துரு ஏறிய வண்டி எந்த நாட்டுச் சரக்கு, எத்தனை வயது என்பதை அந்த வண்டியே சொல்லும். முதலில் கைப்பிடிக்குக் கீழே முன்பக்கத்தில் இருக்கும் சின்னத்தைப் பார்க்க வேண்டும். ராலி என்றால் நாரைத் தலை. பி.எஸ்.ஏ. என்றால் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். பர்மிங்காமில் ஆயுதம் செய்த நிறுவனம் அது.

அடுத்து, செயின் சுற்றும் பல்சக்கரம். பழைய இங்கிலாந்து நிறுவனங்கள் தங்கள் அடையாளத்தை இந்தச் சக்கரத்திலேயே வெட்டி வைத்தன. ராலியில் நாரை, ரட்ஜ் வண்டியில் மனிதக் கை, ஹம்பரில் மனித உருவங்கள். சின்னம் உதிர்ந்து, சாயம் போயிருந்தாலும் பல்சக்கரத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, பின்சக்கரத்தின் நடுவே உள்ள ஹப். 'ஸ்டர்மி ஆர்ச்சர்' என்ற மூன்று வேக ஹப் 1902ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. பெரும்பாலான ஹப்களில் செய்த வருடமும் மாதமும் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 58 என்று இருந்தால் 1958. ஆனால் அது ஹப்பின் வயது. சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருந்தால் வண்டியின் வயது வேறாக இருக்கும். ஆகவே சீட் கம்பி இறங்கும் இணைப்பில் உள்ள வரிசை எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்நாளில் நகராட்சிகள் சைக்கிளுக்கு உரிமம் கொடுத்து ஒட்டிய சிறிய தகடு இன்னும் இருந்தால் அதைக் கழற்றி வீசிவிடக் கூடாது. அந்த வண்டி எந்த ஊரில் ஓடியது என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லாப் பழைய வண்டியும் இங்கிலாந்து வண்டி அல்ல. நெதர்லாந்தின் கசெல், சீனாவின் ஃபீனிக்ஸ், இந்தியாவின் ஹீரோ ஆகியவையும் தேடலில் அகப்படும். சென்னை அம்பத்தூரில் 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பெயர்களில் வண்டி செய்தது. எனவே 'பி.எஸ்.ஏ.' என்ற எழுத்தைக் கண்டதும் இங்கிலாந்துச் சரக்கு என்று விலை பேசுபவரிடம் எச்சரிக்கை தேவை. பழைய உடம்பில் புதுச் சின்னத்தை ஒட்டி விற்பதும் உண்டு.

போரைக் கண்ட வண்டி

ஜொகூரில் போருக்கு முந்திய சைக்கிள் ஒன்று கிடைப்பது சாதாரண விஷயம் அல்ல. காரணம் உண்டு. 1941 டிசம்பரில் படையெடுத்து வந்த ஜப்பானியப் படை, மலாயாவின் நீளத்தைப் பெரும்பாலும் சைக்கிளில் கடந்தது. ஊர் மக்களின் சைக்கிள்களும் பறிக்கப்பட்டன. டயர் கிழிந்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள் என்றும், இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவது போலக் கேட்டது என்றும் போர்க் குறிப்புகள் கூறுகின்றன.

1942 ஜனவரி 14ஆம் நாள் கிம்மாஸ் அருகே கெமஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து தாக்கியது, சைக்கிளில் வந்த ஜப்பானியர்களைத்தான். அடுத்த சில நாட்களில் மூவாரிலும் பக்ரியிலும் பாரிட் சூலோங்கிலும் கடும் சண்டை நடந்தது. மூவாரில் நின்று போரிட்டு மடிந்தவர்களில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். ஜனவரி 31ல் பின்வாங்கிய படைகள் ஜொகூர் பாலத்தைத் தகர்த்தன. இத்தனைக்கும் தப்பி, அதன் பிறகு வந்த பஞ்ச காலத்தையும் தாண்டி ஒரு சைக்கிள் மிஞ்சியிருக்கிறது என்றால், அதை ஒரு குடும்பம் எவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியிருக்கும்!

மீட்பது வேறு, மினுக்குவது வேறு

பழைய வண்டி கிடைத்ததும் பலர் செய்யும் முதல் காரியம், சாயத்தைச் சுரண்டிவிட்டுப் பளபளவென்று புதுச் சாயம் அடிப்பது. அனுபவசாலிகள் இதைத் தடுப்பார்கள். கம்பெனி அடித்த கறுப்புச் சாயமும் அதன்மேல் கையால் இழுத்த தங்கக் கோடும் ஒரு முறை போனால் போனதுதான். சோப்பு நீரில் கழுவி, மெழுகு பூசித் துடைத்தாலே பாதி அழகு திரும்பி வரும். பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்புவது உடம்புக்கும் கேடு.

குரோமியம் பூசிய பாகங்களில் உள்ள மேல்துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். சீட் கம்பி இறுகிப் போயிருந்தால் சுத்தியலால் அடிக்கக் கூடாது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். இடப்பக்க மிதியின் மறை மட்டும் எதிர்த்திசையில் கழலும். இது தெரியாமல் முறுக்கிக் கெடுத்தவர்கள் அநேகர். பழைய ராலியில் அந்த நிறுவனத்துக்கே உரிய நெருக்கமான மறைகள் உண்டு. வேறு வண்டியின் நட்டை வம்படியாக ஏற்றினால் உடம்பே பாழாகும். கழற்றும்போதே ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, தனித்தனி டின்னில் போட்டுப் பெயர் எழுதி வைப்பது நல்லது.

டயர் வாங்கும்போது '26 அங்குலம்' என்று மட்டும் கேட்டால் ஏமாற்றம்தான். பழைய மூன்று வேக வண்டியின் 26 வேறு, மலைச் சைக்கிளின் 26 வேறு. டயரின் பக்கவாட்டில் உள்ள மூன்றிலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். முன்னது 590, பின்னது 559. கம்பி பிரேக் போட்ட பெரிய 28 அங்குல வண்டிக்கு 635. ஹப்பிலும் மிதிக்கட்டையிலும் உள்ள பால்ரஸ் குண்டுகளை ஒன்றிரண்டு மாற்றாமல் மொத்தமாக மாற்றி, புது கிரீஸ் வைக்க வேண்டும். இந்தியாவில் லூதியானா தொழிற்சாலைகள் பழைய பாணி வண்டிகளை நெடுங்காலம் செய்துவந்ததால், கம்பி பிரேக் பாகங்கள் பல அங்கிருந்து கிடைக்கின்றன.

முதலில் நிற்க வேண்டும், பிறகுதான் ஓட வேண்டும்

எல்லாவற்றுக்கும் மேலானது பிரேக். கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டை, ரிம்மின் உட்பக்கத்தை அழுத்தி வண்டியை நிறுத்தும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிடிமானம் வெகுவாகக் குறையும். திடீர் மழை கொட்டும் ஜொகூரில் இதை மறக்கக் கூடாது. கட்டைகள் புதிதாக இருக்கின்றனவா, இரு பக்கமும் சமமாகப் படுகின்றனவா, ஃபோர்க் வளைந்திருக்கிறதா, உடம்பின் இணைப்புகளில் விரிசல் உண்டா என்று பார்த்த பிறகுதான் சாலையில் இறக்க வேண்டும். உடம்பிலோ ஃபோர்க்கிலோ விரிசல் உள்ள வண்டியைச் சுவரில் மாட்டி வைக்கலாம். ஏறி ஓட்டக் கூடாது.

இந்தப் பேச்சு வெறும் இயந்திர நுணுக்கம் அல்ல என்பதை ஜொகூர் பாரு அறியும். 2017 பிப்ரவரி 18ஆம் நாள், அதிகாலை 3 மணி அளவில், ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில் 'பாசிக்கால் லாஜாக்' ஓட்டிக்கொண்டிருந்த பதின்ம வயதினர் கூட்டத்தில் ஒரு கார் மோதியதில் 8 பேர் உயிரிழந்தனர். நாடே அதிர்ந்தது. லாஜாக் என்பது சாதாரணச் சைக்கிளின் கைப்பிடியைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றி, படுத்த நிலையில் வேகமாகப் போவதற்காக மாற்றிய வண்டி. வழக்கு பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தது. அதைத் தாண்டி நிற்கும் கேள்வி பெரியவர்களுக்கானது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் அருகில் உட்கார்ந்து, அந்தத் திறமையை எதற்குப் பயன்படுத்தலாம் என்று காட்ட ஆள் இருந்ததா?

தனி ஆள் வேலை அல்ல, பொதுப் பட்டறை

மேல்நாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அதுதான் சைக்கிள் கூட்டுறவுப் பட்டறை. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1994ல் இத்தகைய அமைப்பு ஒன்று தோன்றியது. லாஸ் ஏஞ்சல்ஸில் 2002ல் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் தொடங்கியதால் ஒரு பட்டறைக்கு 'பைசிக்கிள் கிச்சன்' என்றே பெயர் வந்தது.

நடைமுறை எளிது. வேண்டாத சைக்கிள்களை ஊரார் கொடுக்கிறார்கள். பயன்படும் பாகங்களைப் பிரித்துப் பெட்டிகளில் வைக்கிறார்கள். விலையுயர்ந்த கருவிகள் எல்லாருக்கும் பொது. வருபவரின் வண்டியை அங்குள்ளவர் சரிசெய்து கொடுப்பதில்லை, சரிசெய்யக் கற்றுக் கொடுக்கிறார். இத்தனை மணி நேரம் பட்டறையில் உழைத்தால் ஒரு சைக்கிள் சொந்தம் என்ற முறையும் பல இடங்களில் உண்டு. பழைய நல்ல வண்டிகள் வெளிச்சத்துக்கு வருவதும் இத்தகைய இடங்களில்தான். காசு கொடுத்துத் தேட முடியாத ஏழைப் பையனுக்கும் அங்கே ஒரு ராலி கிடைக்கும்.

கூட்டுறவு என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய சொல்லா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960ல், துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டிய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. தோட்டத்தையே வாங்கிக் காட்டிய சமுதாயத்துக்கு ஒரு சைக்கிள் பட்டறை பெரிய காரியமா?

ஆலய மண்டபத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை, சமூக மண்டபத்தின் பின்பக்கம், தமிழ்ப்பள்ளியின் ஒரு மூலை போதும். நாலைந்து ஸ்பேனர், ஒரு காற்று பம்பு, டியூப் ஒட்டும் பசை, ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம். மாசாயிலும் ஸ்கூடாயிலும் கூலாயிலும் ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள வித்தையை எழுதி வைத்த புத்தகம் கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். அவர்களோடு அந்த வித்தையும் போய்விடாமல் பார்ப்பது இளையோர் இயக்கங்களின் கடமை.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கும் தாத்தாவின் சைக்கிளை இரும்புக்காரரிடம் தள்ளுவதற்கு முன், அதன் பல்சக்கரத்தை ஒரு முறை துடைத்துப் பாருங்கள். பிறகு வீட்டில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, முதலில் பிரேக்கை எப்படிச் சரிசெய்வது என்று காட்டுங்கள்.