பவர் பத்திரமும் முதியோர் நிலமும்

கண்பார்வை குன்றிய பெரியவர் ஆபீசுக்கு ஆபீசு அலைய வேண்டாமென்று மகனுக்கோ மருமகனுக்கோ பவர் எழுதிக் கொடுப்பது ஒட்டன்சத்திரம் வட்டாரத்துக் குடும்பங்களில் சகஜமாகி விட்டது. முருங்கைத் தோட்டத்தின் பட்டா, கிணற்று மின் இணைப்பு, சங்கத்துக் கடன் ஆகிய அனைத்தையும் ஒருவரே கவனித்துக் கொள்ளலாம் அல்லவா? பத்திரத்தின் வாசகத்தை அன்று எவரும் படிப்பதில்லை. நிலத்தை அளக்க அந்நியர் சங்கிலியுடன் வந்து நிற்கும் நாளில்தான் அப்பத்தா எதில் கைநாட்டு வைத்தார் என்னும் விசாரணை எழுகிறது. அதன்பின் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குத் தம்பி போவதில்லை.

நம் சந்தைக் காய்கறி நாள்தோறும் லாரியேறிச் செல்லும் கேரளத்தில் எழுந்த வழக்கு ஒன்றை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம். அங்கே ஒரு பெண்மணி 1971-இல் தம் சகோதரிக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1985 ஜனவரியில் அதை ரத்து செய்தார். இடைப்பட்ட காலத்திலேயே சகோதரி சில பத்திரங்களின் மூலம் சொத்தைப் பிறருக்கு மாற்றியிருந்தார். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி தீர்ந்தது. ரத்து செய்த நாளிலிருந்து எண்ணினால் முப்பத்தேழு ஆண்டுகள்! குத்தகைக்கு விடவும், ஈடு காட்டிக் கடன் பெறவும் பத்திரத்தில் அதிகாரம் இருந்தது; விற்பதற்கு இல்லை. எழுதப்படாத விற்பனை அதிகாரத்தை ஊகித்துக் கொள்ளலாகாது என்று நீதிபதிகள் கூறினர். பெண்மணியின் பங்கு நிலைத்தது. ஆயினும் ஒரு தலைமுறைக் காலம் போனது போனதுதானே!

ஆகவே பவர் எழுதுவோர் எந்த சர்வே எண், எந்தக் காரியம் என்று குறித்து எழுத வேண்டும். பட்டா மாற்றத்துக்காக என்றால் அதற்கு மட்டுமே எழுதுக. 'கிரயம் செய்யவும்' என்ற இரு சொற்கள் வாசகத்தில் நுழைந்திருக்கின்றனவா என்பதை வேற்று மனிதர் ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பது உத்தமம். படிக்கச் சொன்னால் மகன் கோபித்துக் கொள்வானே என்று சிலர் தயங்குகின்றனர். நாணயமுள்ள மகனுக்கு இதில் கோபம் வர நியாயமில்லை என்பதே நம் கருத்து.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, பவர் பெற்றவர் எஜமானர் கேட்டபோது கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். கொடுத்தவர் காலமானாலும், சித்தசுவாதீனம் இழந்தாலும் அதிகாரம் பொதுவாக முடிந்து விடும். இந்த இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. தந்தைக்கு நினைவு முற்றும் தப்பிய பிறகு, பழைய பவரைக் காட்டி நிலம் விற்கும் பிள்ளை தன்னையும் ஏமாற்றிக் கொள்கிறான், வாங்குபவரையும் ஏமாற்றுகிறான். அந்நிலையில் கோர்ட்டை அணுகுவதே வழி. நினைவிழந்து கிடந்த கணவருக்கு அவர் மனைவியையே பாதுகாவலராக நியமித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் உத்தரவிட்டது.

2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தமிழ்நாட்டில் அசையாச் சொத்தைப் பற்றிய பவர் பத்திரம் கட்டாயம் பதிவாக வேண்டும். ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்து விடுவதே பாதுகாப்பு. பதிவு மட்டும் போதாது. பவர் பெற்றவருக்கும், அவரோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்கும் தெரிந்த பின்னரே ரத்து அவரவரைக் கட்டுப்படுத்தும். பவர் பெற்றவருக்கும், பாங்கிக்கும், நம் சங்கத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் நகல் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துக. பணம் வாங்கிக் கொண்டு அதற்கு ஈடாக எழுதிய பவரை நினைத்தபோது ரத்து செய்ய இயலாது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

சங்கக் காரியதரிசிகளுக்கும் ஒரு வார்த்தை. பவரைக் கொண்டு எவரேனும் கடன் மனு கொடுத்தால், எழுதிக் கொடுத்தவரின் வீட்டுத் திண்ணை வரை ஒரு நடை போய், அவரை நேரில் கண்டு பேசிவிட்டு வாருங்கள்.